ஆய்வுப்பொருளிலிருந்து ஆய்வாளர் நிலைக்கு: சித்த மருத்துவ ஆய்வுப் பயிற்சியின் வரலாறு

முன்னுரை

மாற்று மருத்துவம் என இன்று வகைப்படுத்தப்படும் முறைகளுள் சித்த மருத்துவமும் ஒன்று. அதன் மருந்துகள் பற்றிய ஆய்வுகள் பல உள்ளன. அவ்வாய்வுகளைச் செய்வோர் எவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டனர் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. மருத்துவர், கற்றதை நோயாளியிடம் கையாளப் பழகுகிறார். ஆய்வாளர், கற்றதையே வினாவுக்கு உட்படுத்தப் பழகுகிறார். இவ்விரண்டாம் பழக்கம் சித்த மருத்துவக் கல்வியில் இடம்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோமன் ஆய்வும் உஸ்மான் குழுவும்

1918ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு, நாட்டு மருந்துகளை ஆராயும் பணியை மேனாட்டு மருத்துவம் பயின்ற எம். சி. கோமனிடம் ஒப்படைத்தது. மருந்துகள் நாட்டு மருத்துவர்களுடையவை. அவற்றின் தகுதியை முடிவுசெய்த அளவுகோலோ மேனாட்டு மருத்துவத்தினுடையது. கோமனின் அறிக்கைகளை நாட்டு மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தனர்.

இவ்வெதிர்ப்புக்குப்பின் 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மேனாட்டு மருத்துவமும் கற்றிருந்த ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். இக்குழு நாட்டு மருத்துவர்களுக்கு வினாநிரல் அனுப்பியது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வந்த விடைகள் 1923இன் அறிக்கையில் சேர்க்கப்பட்டன. ஆய்வுப்பொருளாக மட்டுமே கருதப்பட்டவர்கள் தம் கோட்பாட்டைத் தாமே விளக்கும் வாய்ப்பைப் பெற்றது இவ்வறிக்கையின் சிறப்பு.

கல்வி நிறுவனங்களின் வளர்ச்சி

அறிக்கையின் விளைவாக 1920களின் நடுவில் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றது. சீனிவாசமூர்த்தி அதன் முதல்வரானார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றுடன் மேனாட்டு உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. பின்னர்க் கல்லூரியாக உயர்ந்த இந்நிறுவனம், 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறியது. இணைத்துக் கற்பிக்கும் முயற்சி மேனாட்டு மருத்துவக் கல்லூரியில் முடிந்தது. நான்காண்டுகள் கழித்து, 1964இல், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது.

ஆய்வுக்கான அமைப்பும் மெல்லவே தனித்துவம் பெற்றது. 1969இல் இந்திய மருத்துவ முறைகள் அனைத்திற்கும் ஓமியோபதிக்கும் பொதுவாக நடுவண் ஆய்வுக் குழு உருவானது. 1978இல் அது பிரிக்கப்பட்டபோது, ஆயுர்வேதமும் சித்தமும் ஒரே குழுவில் வைக்கப்பட்டன. சித்தத்திற்கெனத் தனி ஆய்வுக் குழு 2010இல்தான் அமைந்தது. இடைப்பட்ட காலம் 32 ஆண்டுகள். இதற்கிடையே 2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டு, உயர்கல்விக்கும் ஆய்வுக்கும் களமாயிற்று.

முனைவர் பட்ட மாணவரின் இரட்டைக் கடமை

நிறுவனங்கள் அமைந்தபின்னும் கோமன் காலத்து வினா நீங்கவில்லை. எந்த அளவுகோலைக் கொண்டு ஆராய்வது என்பதே அவ்வினா. எடுத்துக்காட்டாக, கரிசலாங்கண்ணி என்னும் பெயர் வெள்ளைப்பூப் பூக்கும் செடிக்கும் மஞ்சட்பூப் பூக்கும் வேறொரு செடிக்கும் வழங்குகிறது. நூல் குறிப்பது எச்செடி என்பதைப் பாடஒப்பீட்டால் தெளியாமல் ஆய்வகத்தில் நுழையும் மாணவரின் வேதியியல் முடிவு, துல்லியமாயினும் நூலுக்குப் பொருந்தாது போகலாம். மறுபுறம், செடியைத் தாவரவியல் முறையில் உறுதிசெய்யாத நூலாய்வும் மருந்தின் பயனை நிறுவாது.

நோயாளிகளைத் தெரிவுசெய்வதிலும் இச்சிக்கல் உண்டு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வால் சித்த மருத்துவர் நோயைக் கணிக்கிறார். மேனாட்டு நோய்ப்பெயர் ஒன்றன்கீழ் வருவோரை இத்தேர்வு வாத, பித்த, கப வேறுபாட்டால் பிரிக்கக்கூடும். அவர்களை ஒரே குழுவாக்கி ஒரே மருந்தைச் சோதித்தால், சோதிக்கப்படுவது மருந்தேயன்றிச் சித்த மருத்துவம் ஆகாது. அதேவேளை, நாடி பார்க்கும் இருவர் ஒரே கணிப்பை அடைகின்றனரா என்பதைச் சோதிக்க மறுக்கும் ஆய்வும் நம்பகம் பெறாது.

முடிவுரை

மரபைக் காப்பதும் ஐயுறுவதும் முரண்பட்டவை எனக் கருதியதன் விளைவே, ஒன்றை மற்றொன்றில் கரைக்கும் முயற்சிகளும் முற்றிலும் பிரிக்கும் முயற்சிகளும் மாறிமாறி வந்தமை. சுவடிப்பயிற்சி, தாவர அடையாளம், மருத்துவப் புள்ளியியல் ஆகிய மூன்றையும் முனைவர் பட்ட மாணவர் முறையாகக் கற்கும்போதே, உஸ்மான் குழு நாட்டு மருத்துவருக்கு அளித்த விடைகூறும் உரிமை, வினா எழுப்பும் ஆற்றலாக முதிரும்.