கிரீகரின் ட்ரையோ சொனாட்டாக்கள்

ஜேர்மானிய இசையமைப்பாளர் யொஹான் பிலிப் கிரீகர் (1649–1725) இயற்றிய இரு தொகுதிகள். நூரம்பேர்க் நகரில் 1688இலும் 1693இலும் அச்சாயின. தொகுதிக்குப் பன்னிரண்டாக மொத்தம் 24 சொனாட்டாக்கள். யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தவை இவை.

வகையும் அமைப்பும்

மேலே சரிசமமான இரு குரல்கள், கீழே ஒரு மந்தரக் குரல் என்பதே ட்ரையோ சொனாட்டாவின் கட்டமைப்பு. இம்மூன்றையும் வாசிக்க நால்வர் வேண்டும். மந்தரத்தை ஒருவர் வில்வாத்தியத்தில் இழுப்பார். அதே ஏட்டை வைத்துக்கொண்டு ஹாப்சிகோர்ட்டிலோ ஓர்கனிலோ மற்றொருவர், சுரங்களோடு குறித்த இலக்கங்களைப் பார்த்து இசைவுகளைத் தம் மனோதர்மப்படி நிரப்புவார்.

இத்தாலியர் இவ்வகையை இரண்டாகப் பிரித்தனர். மெதுவும் விரைவும் மாறிமாறி வருவது தேவாலய சொனாட்டா; அலமாண்ட், சரபாண்ட், ஜீக் முதலிய நடனங்களால் அமைவது சபைக்குரிய சொனாட்டா. கொரெல்லி 1681இல் முதல்வகையையும் 1685இல் இரண்டாம்வகையையும் தனித்தனித் தொகுதிகளாக வெளியிட்டார். ஜேர்மானியர் இந்த வேலியை அவ்வளவாக மதிக்கவில்லை. அதில் அவர்களுக்கு நட்டமும் இல்லை.

வாத்தியத் தெரிவிலும் அவர்கள் வேறு வழி சென்றனர். கிரீகரின் முதற்றொகுதி இத்தாலிய முறைப்படி இரு வயலின்களுக்கானது. இரண்டாவதில் ஒரு வயலினின் இடத்தை வியோலா ட காம்பா பெறுகிறது. முழங்கால்களிடையே நிறுத்தி வில்லால் வாசிக்கும் இதற்கு, வீணைக்குப்போல மெட்டுக்கள் உண்டு. உச்சக் குரலோடு உரையாடவும், நினைத்தவுடன் மந்தரத்துக்கு இறங்கவும் அதனால் முடியும். அக்கால இசையமைப்பாளர் பக்ஸ்டெஹுடெயின் புகழ்பெற்ற சொனாட்டாக்களும் இதே கூட்டுக்கு எழுதப்பட்டவையே. அவை அச்சேறியது கிரீகரின் இத்தொகுதிக்குப் பிறகுதான். கிரீகரின் இரு தொகுதிகளில் இரண்டாவதே சிறந்தது.

இயற்றியவர்

நூரம்பேர்க்கில் பிறந்த கிரீகர் இளமையில் கொப்பன்கேகனில் பயின்றார். பைரொய்த் அரசவையில் பணியாற்றியபின் இத்தாலி சென்று, வெனிஸில் ரோசன்முல்லரிடமும் ரோமில் பஸ்கினியிடமும் கற்றார். 1675இல் பேரரசர் முதலாம் லியோபோல்ட் அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கினார். 1677இல் ஹாலே அரசவையின் ஓர்கன் வாசிப்பாளரானார். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த பாதிரியார் சீகன்பால்கு அதற்கு முன் கல்வி கற்ற ஊர் அது. சீகன்பால்குவை அனுப்பிய டென்மார்க் மன்னரின் தலைநகர் கொப்பன்கேகன். தமிழர் அறிந்த இவ்விரு ஊர்ப்பெயர்களும் கிரீகரின் வாழ்விலும் சேர்ந்து வருவது தற்செயலே. 1680இல் ஹாலே பிராண்டன்பேர்க் வசமாக, அரசவை வைசன்ஃபெல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. கிரீகரும் உடன்சென்று, இறக்கும்வரை அங்கேயே இசைத்தலைவராக இருந்தார்.

இன்றைய நிலை

பழைய வாத்தியங்களில் வாசிக்கும் ஐரோப்பியக் குழுக்கள் சில இந்தச் சொனாட்டாக்களை ஒலிப்பதிவு செய்துள்ளன. ஆனால் தேவாலயத்துக்கென கிரீகர் எழுதிய ஏறத்தாழ 2000 ஆக்கங்களுள் எஞ்சியவை எண்பதுக்கும் குறைவு.