கணக்காய்வுத் துறையின் முதற் பெண்மணி

இன்று வணிகவியல் பயிலும் பெண்கள் பலர் ஆடிட்டர் தேர்வுக்கு ஆயத்தமாகின்றனர். அவ்வழியை முதலில் திறந்தவர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் (1907–1966), இந்தியாவின் முதற் பெண் பட்டயக் கணக்காளர். இராணி மேரிக் கல்லூரியில் பயின்ற அவர், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஓராண்டு சிறைவாசம் ஏற்றார். கணக்கியலையே தொழிலாகக் கொள்ளும் எண்ணம் சிறையில்தான் உறுதிபெற்றது.

1933இல் அரசின் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். ஆயினும், சிறை சென்றோர் கணக்காய்வாளராகப் பதிவு பெறுவதை அன்றைய விதி தடுத்தது. நீதிமன்றத்தை நாடி அவ்வுரிமையைப் பெற்று, 1937இல் தனித்தொழில் தொடங்கினார். பின்னர், 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். தேர்ச்சிக்கும் தொழிலுக்கும் இடையே நான்கு ஆண்டுகள் கழிந்தன. இளையோர் பாடத்தோடு அத்தளராமையையும் கற்றல் நன்று.