மனூச்சி, நிக்கோலாவ்

வெனிஸ் நகரத்தவர் (1638 – ஏறத்தாழ 1717). பீரங்கி வீரர், கை வைத்தியர், தூதர்.

பதினான்கு வயதில் கப்பலில் ஒளிந்து ஊரைவிட்டுக் கிளம்பியவர், 1656-இல் இந்தியா வந்து சேர்ந்தார். முகலாய இளவரசர் தாரா ஷிகோவின் பீரங்கிப் படையில் மாதம் 80 ரூபாய்ச் சம்பளம் கிடைத்தது. எசமானர் வீழ்ந்ததும் சம்பளமும் போனது. அந்நிய மண்ணில் ஒரே புரவலரை நம்பியவருக்கு நேர்வது இதுதான்.

தாராவை வீழ்த்தி அரியணை ஏறிய தம்பி ஔரங்கசீப்பிடம் சேர மறுத்தார். முகலாயத் தளபதி ராஜா ஜெய்சிங்கிடம் சில காலம் பணியாற்றினார். பிறகு லாகூரில் வைத்தியத்தைத் தனித்தொழிலாக்கினார். முறையாக மருத்துவம் படித்தவர் அல்லர் என்பது நோயாளிகளுக்கு உறுத்தவில்லை போலும். இளவரசர் ஷா ஆலமின் அரண்மனை வைத்தியராகி மீண்டும் சம்பளக்காரரானார், அதுவும் சலித்தது. 1686-இல் சென்னைக்கு வந்து, ஆங்கிலேய விதவை ஒருவரை மணந்து தங்கிவிட்டார்.

அப்போது செஞ்சிக் கோட்டைதான் தென்னாட்டு அரசியலின் மையம். மராத்திய மன்னர் ராஜாராம் அடைக்கலம் புகுந்த அக்கோட்டையை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் நெடுநாள் முற்றுகையிட்டு 1698-இல் கைப்பற்றினார். அவருடைய துணைவர் தாவூத் கான் பின்னர் கர்நாடகத்தின் அதிகாரியானார். அவரோடு பேச, பாரசீகமும் அரண்மனை நடைமுறையும் அறிந்த ஆள் ஆங்கிலேயருக்குத் தேவைப்பட்டது. 1701-இல் சென்னை ஆளுநர் தாமஸ் பிட் மனூச்சியை ஆற்காட்டுக்குத் தூது அனுப்பினார். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக அல்ல, விவரம் தெரிந்த வெளியாளாக.

மனூச்சி எழுதிய முகலாய வரலாறான ‘ஸ்தோரியா தோ மோகோர்’ நூலை வில்லியம் இர்வின் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.