மணவாழ்வில் நேர்ப்பேச்சும் அன்றாடப் பழக்கமும்

மணவாழ்வில் மனக்குறையை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு; பொறுத்துப் போவதே நல்லது என்பது மறுதரப்பு. இணையர் உறவு பற்றிய உளவியல் ஆய்வுகள் இவ்விரண்டில் எதையும் முழுமையாக ஏற்கவில்லை. குறையை நேராகச் சொல்வதால் பயன் உண்டு. ஆனால் அப்பயன் சொல்லும் முறையையும், பிணக்கில்லாத நாட்களில் இருவரும் பழகும் விதத்தையும் சார்ந்தது.

முதலில் சொல்லும் முறை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்திய உளவியலாளர் ஜான் காட்மன், முறையீட்டையும் பழிப்பையும் வேறுபடுத்துகிறார். மின்கட்டணம் கட்டத் தவறியதைச் சுட்டுவது முறையீடு. அதை வைத்துப் பொறுப்பற்றவர் என்று ஆளையே எடைபோடுவது பழிப்பு. பழிப்பு, இகழ்ச்சி, தன்னைத் தற்காத்தல், முகங்கொடாமை ஆகிய நான்கும் உறவைச் சிதைப்பவை என்பது அவர் முடிவு. 124 புதுமணத் தம்பதியரை ஆராய்ந்து சிபில் கரேரும் அவரும் 1999-இல் வெளியிட்ட கட்டுரை, கருத்து வேறுபாடு பற்றிய உரையாடலின் முதல் மூன்று நிமிடங்கள் போகும் விதத்துக்கும் பின்னாளைய மணமுறிவுக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டியது.

இதிலிருந்து, மென்மையாகப் பேசினாலே போதும் என்று முடிவு கட்ட முடியாது. நிக்கோலா ஓவரால் முதலியோர் நியூசிலாந்தில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றத்தை நேரடியாகக் கோரிய பேச்சு அப்போதைக்குப் பலிக்காததாகத் தோன்றியது. ஆனால் அடுத்த ஓராண்டில், அவ்வாறு கோரப்பட்டவர்களிடமே கூடுதல் மாற்றம் தென்பட்டது. குறிப்பாலும் நயத்தாலும் பூசிமெழுகிச் சொன்னால் சிக்கலின் கடுமை கேட்பவருக்கு உறைக்காமல் போகலாம். ஆகவே நடத்தையைப் பற்றிய நேர்மை வேண்டும்; ஆளைப் பற்றிய தீர்ப்பு வேண்டாம்.

அத்தகைய பேச்சைத் தாங்கும் வலு அன்றாடப் பழக்கத்திலிருந்து வருகிறது. ஜானிஸ் டிரைவரும் காட்மனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, உணவு வேளையின் சாதாரணப் பேச்சில் ஆர்வம் காட்டிய தம்பதியர் பிணக்கின்போதும் பரிவும் நகைச்சுவையும் காட்டியதைப் பதிவுசெய்தது. துணைவரின் நற்செய்தியை அக்கறையோடு விசாரித்து மகிழ்வது உறவின் நிறைவோடு இணைந்திருப்பதை ஷெல்லி கேபிளின் ஆய்வுகள் காட்டின. அழைத்தால் திரும்பிப் பார்ப்பது, செய்த வேலைக்கு நன்றி சொல்வது, அன்றைய நாளைப் பற்றிக் கேட்பது போன்றவை நல்லெண்ணத்தைச் சேர்க்கின்றன. நல்லெண்ணம் உள்ள இடத்தில் முறையீடு எளிதில் தாக்குதலாகத் தோன்றுவதில்லை.

இம்முடிவுகளுக்கு வரம்புகள் உண்டு. மணமுறிவைக் கணிக்கும் சூத்திரங்களை வேறு தரவுகளில் சோதிக்காமல் நம்பலாகாது என்று ரிச்சர்டு ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் 2001-இல் எச்சரித்தனர். தொடர்பு இருப்பது காரணம் என்பதற்குச் சான்றாகாது. அச்சமும் வன்முறையும் நிலவும் வீட்டில் வெளிப்படையான பேச்சே ஆபத்தாகலாம். அங்கு முதல் தேவை பாதுகாப்பு. மற்ற இல்லங்களில் நேர்ப்பேச்சும் அன்றாடப் பரிவும் ஒன்றுக்கொன்று மாற்றாவதில்லை: பரிவு கேட்கும் மனத்தைத் தருகிறது, நேர்ப்பேச்சு மாற வேண்டியது எது என்று காட்டுகிறது.