ரோமாபுரிக்குப் போன குடுமி

ஒரு மனிதன் தன் தலைமயிரை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிப்பதற்காக மதுரையிலிருந்து கோவாவுக்கும், கோவாவிலிருந்து ரோமாபுரிக்கும் கடிதங்கள் கப்பலேறிப் போன காலம் ஒன்று உண்டு. வழக்குக்குக் காரணம் நன்செய் நிலமல்ல, நகைநட்டல்ல. பின்மண்டையில் தொங்கிய ஒரு பிடி மயிர்தான். ‘குடுமிப்பிடிச் சண்டை’ என்று நாம் வேடிக்கையாகச் சொல்லும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சரித்திரம் கிடைப்பது அரிது.

ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் 1606-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மதுரைக்கு வந்து சேர்ந்தார். பிரபு குடும்பத்துப் பிள்ளை. வயது முப்பதுகூட நிரம்பவில்லை. அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் இங்கே பல ஆண்டுகளாக இருந்து வந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவர்களைத் தவிர, மதுரை நகரத்தவர் யாரும் அவரை நாடவில்லை. மாட்டிறைச்சி தின்பவர், மது அருந்துபவர், ‘பறங்கி’ என்று ஊர் ஒதுங்கியே நின்றது. நொபிலி இதைப் பார்த்தார். அங்கியைக் களைந்து காவி உடுத்தார், பாதக்குறடு அணிந்தார், சைவ உணவுக்கு மாறினார், தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவரைத் தேடி வந்து மதம் மாறியவர்களில் சில பிராமணர்களும் இருந்தார்கள். அவர்கள் குடுமியையும் பூணூலையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் அனுமதி தந்ததுதான் சண்டைக்கு வித்து.

பெர்னாண்டஸுக்கு இது பொறுக்கவில்லை. 1610-ல் மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார். ஞானஸ்நானம் பெற்றவன் தலையில் குடுமி எதற்கு என்பது அவர் கட்சி. குடுமி மதச் சின்னம் அல்ல, குலத்தையும் அந்தஸ்தையும் காட்டும் உலக வழக்கம் என்பது நொபிலியின் கட்சி. 1619-ல் கோவாவில் கூடிய சபையில் பெரும்பாலோர் நொபிலிக்கு எதிராகவே பேசினார்கள். வழக்கு ரோமாபுரிக்குப் போயிற்று. 1623 ஜனவரி 31-ஆம் தேதி பதினைந்தாம் கிரகோரி என்ற போப்பாண்டவர் தீர்ப்பளித்தார்: விக்கிரக ஆராதனையின் சடங்கு எதுவும் கலக்காத வரையில் குடுமி இருக்கலாம், பூணூல் இருக்கலாம், சந்தனமும் இருக்கலாம்! மதுரையில் திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் ஆண்டும் அதே 1623 தான்.

அந்தத் தீர்ப்பின் வால்பகுதியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. குடுமிக்கு அனுமதி தந்த அதே ஆணை, உயர்குலத்திலிருந்து வந்தவர்கள் தாழ்ந்த குலத்தவரை இகழக் கூடாது என்று புத்தியும் சொல்கிறது. ஏன் சொல்ல வேண்டியிருந்தது? குடுமி அந்தஸ்தின் அடையாளம் என்று வாதாடித்தானே வழக்கில் வென்றார்கள்! அந்தஸ்தின் அடையாளம் உள்ளே வந்தால், அந்தஸ்தும் கூடவே உள்ளே வரும் அல்லவா? அப்படியேதான் நடந்தது. 1640 முதல் ஏனைய சாதியாருக்கென்று ‘பண்டாரசாமிகள்’ என்ற தனிவகைப் பாதிரிமார் ஏற்பட்டார்கள். நொபிலியின் அறிவிலும் துணிவிலும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் அவருடைய வாதத்தின் விலையை அவர் கொடுக்கவில்லை, வேறு யாரோ கொடுத்தார்கள் என்றே தோன்றுகிறது.

இருநூற்றைம்பது ஆண்டுகள் ஓடியும் குடுமி வழக்கு முடிந்தபாடில்லை. 1860-களில் தென்னாட்டுப் புராட்டஸ்டண்ட் மிஷன்களில் சிலர் மறுபடியும் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்கள். இம்முறை குடுமியின் பக்கம் நின்று எழுதியவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் செய்த கால்டுவெல். குடுமி மதமல்ல, நாகரிகம், நாட்டு வழக்கம் என்று அவர் நிறுவ முயன்றார். ‘சோழியன் குடுமி சும்மா ஆடுமா’ என்று முன்குடுமிக்காரரைப் பார்த்து நம்மவர்கள் கேலி செய்ததுண்டு. நெற்றிப்பக்கம் ஆடினாலும் பிடரிப்பக்கம் ஆடினாலும், எந்தக் குடுமியும் இந்நாட்டில் சும்மா ஆடியதில்லை.

ஆனால் மதுரைச் சமவெளியில் ஆண்கள் எல்லாருமே குடுமிக்காரர்களாக இருந்தார்கள் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. மழிக்காத முழுத் தலைமயிரையும் அள்ளி முடிந்து கொண்டை போட்ட ஆண்களும் இருந்தார்கள். அதற்குச் சாட்சி வேண்டுமானால் ஏட்டைப் புரட்ட வேண்டாம். சித்திரை மாதத்தில் அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் கள்ளழகரைப் பார்த்தால் போதும். கள்ளர் திருக்கோலத்தில் வரும்போது ஆண்கள் இடும் கொண்டை, தலையில் உருமால், காதில் வண்டிக்கடுக்கன், கையில் வளரித்தடி, காங்கு என்னும் கறுப்புச் சேலை என்று அந்த நாட்டு மறவீரனாகவே அவர் காட்சி தருகிறார். வழியில் நின்று கும்பிடுகிறவர்களின் பாட்டன் பூட்டன்மார் கைவிட்டுவிட்ட கொண்டையைத் தெய்வம் மட்டும் விடவில்லை. தல்லாகுளத்தில் அந்தக் கோலத்தைக் களைந்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொள்கிறார். அந்த ஆண்டாளோ, ஒருபக்கம் சாய்ந்த தன் கொண்டையைத் தன் பெயராலேயே ‘ஆண்டாள் கொண்டை’ என்று நாடே அழைக்கும்படி செய்துவிட்டவள்!

பிறகு வந்தது கிராப்பு. பள்ளிக்கூடமும் கச்சேரியும் போலீஸும் பட்டாளமும் அதைக் கொண்டுவந்தன. 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதியார், காசியில் படித்தபோதே குடுமியை எடுத்துவிட்டு மீசையும் தலைப்பாகையுமாக மாறியிருந்தார். எல்லாருக்கும் அந்தத் துணிச்சல் வருமா? குடுமியை எடுத்தவன் திவசம் செய்யலாமா என்ற கேள்வி அக்கிரகாரத்துத் திண்ணைகளில் எழுந்தது. அதற்குக் கெட்டிக்காரப் பிள்ளைகள் கண்டுபிடித்த சமரசம்தான், கிராப்புக்குள் ஒளித்து வைத்த எலிவால் குடுமி. ஆபீசில் துரைக்கு அது தெரியாது. வீட்டில் தகப்பனார் தடவிப் பார்த்துத் திருப்தியடையலாம்.

ஆண்பிள்ளைகளின் குடுமிக்கு இத்தனை வாதம் நடந்ததே, கணவனை இழந்த பிராமணப் பெண்களின் தலையை மழித்துக் கொண்டிருந்தார்களே, அதற்காக எந்தக் கப்பலில் எந்தக் கடிதம் போயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அதைப் பற்றி உரத்த குரல் எழுந்தது. 1889-ல் ஜி. சுப்பிரமணிய ஐயர் விதவையாகிவிட்ட தம் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். 1903-ல் அ. மாதவையா ‘முத்துமீனாட்சி’ எழுதினார். கதை எழுதுகிறவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் அந்த ஆண்டை நினைத்து எனக்குச் சிறிது பெருமை உண்டு.

குடுமியை வென்ற கிராப்பைப் பின்னர் வென்றது சினிமா. தியாகராஜ பாகவதர் வாரிவிட்ட நீண்ட கேசம் ‘பாகவதர் கிராப்பு’ என்றே பெயர் பெற்றுவிட்டது. அவர் நடித்த ‘சிந்தாமணி’ 1937-ல் வெளிவந்து கொட்டிய லாபத்தைக் கொண்டு, தயாரிப்பாளர்களான ராயல் டாக்கி டிஸ்டிரிபியூட்டர்ஸ் மதுரையில் அதே பெயரில் ஒரு தியேட்டரையே கட்டினார்கள். பிடரியில் மயிர் புரளும் இளைஞர்களைக் கண்டு பெரியவர்கள் தலையிலடித்துக் கொண்டார்கள். ‘பெண்பிள்ளை மாதிரி’ என்றார்கள். கொண்டை போட்ட அழகரை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். அதற்குப் பின் ‘ஸ்டெப் கட்டிங்’ வந்தபோது, பாகவதர் கிராப்பு வைத்திருந்தவர்களே பெரியவர்களாகித் தலையிலடித்துக் கொண்டார்கள்.

இத்தனை மாற்றங்களையும் கையாலே செய்துவந்த நாவிதரைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், கொல்லைப்புறத்தில் குந்தியிருந்து மழித்து, அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி வாங்கிய மனிதர் அவர். கண்ணாடியும் சுழல் நாற்காலியும் போட்டுக் கடை திறந்தபோதுதான் வாடிக்கைக்காரர் அவரைத் தேடி வரத் தொடங்கினார். பத்திரிகை வாசிப்பும் அரசியல் விவாதமும் அந்தக் கடைகளில் செழித்தன. ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்கள் பலவற்றில் அந்த நாற்காலியில் தாழ்த்தப்பட்டவர் உட்கார முடியவில்லை. கிராப்பு வெட்டிக்கொள்வதற்காக அவர்கள் பஸ் ஏறி மதுரைக்கு வந்தார்கள். தங்களை இன்னார் என்று யாரும் அறியாத டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில், காசு கொடுத்து, கண்ணாடிக்கு முன்னே உட்கார்ந்தார்கள்.