கழிவுநீர்ப் பாஸ்வரம்

மனிதரின் மலஜலத்தோடும் சலவைத்தூளோடும் சாக்கடையிற் சேரும் பாஸ்வரச் சத்தை நீரினின்று பிரிப்பது நீக்கம் என்றும், பிரித்ததை மீண்டும் உரமாக்குவது மீட்பு என்றும் வழங்கும். 1669இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட், பொன் செய்யும் ஆசையால் சிறுநீரைக் காய்ச்சியபோதே இம்மூலகம் முதன்முதலாகக் கைக்கு வந்ததாதலால், இதன் சரித்திரமே மீட்பில் ஆரம்பமாகிறது எனலாம்.

இதன் வரவையும் செலவையும் தூத்துக்குடியில் ஒருங்கே காணலாம். அயல்நாட்டுப் பாறைப் பாஸ்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் கப்பலேறி வந்து இத்துறைமுகத்தில் இறங்குகின்றன. 1975இல் உற்பத்தி தொடங்கிய ஸ்பிக் வளாகம் உரத்தொழிலால் பெயர்பெற்றது. உரமாய் வயலுக்கும், உணவாய் உடலுக்கும் சென்று வெளிப்படும் சத்திலே ஒரு பங்கு, நகரத்துச் சாக்கடையை நெடுங்காலம் சுமந்த பக்கிள் ஓடை வழியே மன்னார் வளைகுடாவில் கலந்துவிடுகிறது. அங்கே அது மிகுந்தால் பாசி பெருகிப் பவளப்பாறைக்கு வெயிலை மறைக்கும். 1961க்குப் பின் இக்கடலின் முத்துப் பார்களில் குளிப்பு நடைபெறாமைக்கும் சாக்கடையே காரணம் என்பார் கூற்று மிகை.

படிகாரத்தையோ பெரிக் குளோரைடையோ இட்டுப் பாஸ்வரத்தை வீழ்படிவாக்குவது எளிய நீக்கமுறை. ஆயினும் உலோகத்தோடு இறுகிய சத்து பயிருக்கு எளிதில் உதவாது. காற்றின்றி வாடவிட்டுப் பின் காற்றூட்டினால், தேவைக்கு மேலும் பாஸ்வரத்தை உண்டு சேமிக்கும் பாக்டீரியாக்களைக் கொண்டு நீக்குவது மற்றொரு முறை.

மீட்பில் தலையாயது ஸ்ட்ரூவைட். மக்னீசியம், அம்மோனியா, பாஸ்பேட் மூன்றும் காரத்தன்மையுள்ள நீரில் கூடினால் வெண்படிகமாய் உறையும். சுத்திகரிப்பு நிலையங்களில் குழாயை அடைக்கும் சனியனாகவே இதை முதலில் அறிந்தார்கள். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து டர்ஹம் நிலையத்தில் 2009 முதல் இதை மணிமணியாய் உருட்டி உரமாக்குகின்றனர். இவ்வாறு உருட்டும் கலத்துக்கு இடப்பட்ட பெயர் முத்து என்பது, முத்துக்கரைக்காரர் கேட்டு நகைக்கத்தக்கது. ஜெர்மனியிலோ 2017இல் இயற்றிய விதி, பெரிய நிலையங்களில் பாஸ்வர மீட்பை 2029 முதல் கட்டாயமாக்குகிறது.

ஸ்ட்ரூவைட் முறையில் பெருஞ்செலவுகளில் ஒன்று மக்னீசியம். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பை வாரியெடுத்தபின் பாத்தியில் நிற்கும் நீரைத் தொட்டால் எண்ணெய்போல் வழுக்கும், நாவில் வைத்தால் கைக்கும், அக்கைப்பே மக்னீசியம். உப்பு விளையுமுன்னரே சுண்ணச்சத்து பெரும்பாலும் ஜிப்சமாய்ப் படிந்துவிடுவதால், படிகம் கெடாமைக்கும் அது அனுகூலம். இக்கசப்புநீர் ஸ்ட்ரூவைட்டுக்கு உதவும் என்பது ஆய்வுக்கூடங்களில் மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. சாக்கடையும் உப்பளமும் உரத்தொழிலும் அண்டையண்டையாய் அமைந்த தூத்துக்குடியைவிட இதைப் பரீட்சிக்கத் தகுந்த ஊர் தமிழ்நாட்டில் எளிதில் அகப்படாது.