ஊத் என்கிற அகில்

வாசனைத் திரவியக் கடையில் ‘ஊத்’ என்று கேட்டால் கருப்புக் குப்பி ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். மூடியைத் திறந்தால் பூ வாசம் வராது. பழைய மரப்பெட்டி, தோல், கொஞ்சம் புகை... சிலருக்கு மாட்டுக்கொட்டகையே நினைவுக்கு வரும்! அரை மணி நேரம் கழித்துத்தான் அடியில் இருக்கும் இனிப்பு தெரியும். அரபு நாட்டுச் சரக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெயர்தான் அரபு. ஊத் என்றால் அங்கே மரக்கட்டை. மரம் வளர்வது அசாமிலும் தென்கிழக்காசியக் காடுகளிலும். நம்மவர்கள் அதை அகில் என்றார்கள்.

நோயில்லாத மரத்தில் இந்த வாசனை கிடையாது. காயம் பட்ட இடத்தில் பூஞ்சை புகுந்தால், தன்னைக் காத்துக்கொள்ள மரம் கரும்பிசினைச் சுரக்கிறது. நன்றாகப் பிசின் ஏறிய கட்டை தண்ணீரில் மூழ்கிவிடும்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், கடல் வழியாக வந்த சரக்குகளில் அகிலும் உண்டு. அந்த இடத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், அகிலின் வகைகளை வரிசையாகச் சொல்கிறார்: அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில். கடைசி ஒன்றுதான் நிறத்தால் வந்த பெயர். மற்ற மூன்றும் ஊர்ப் பெயர்கள். அருமணம் கீழ்ப் பர்மா. தக்கோலம் மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரைத் துறைமுகம். கிடாரம் என்பது கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய இடங்களாக அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்லும் பட்டியலில் தக்கோலமும் கடாரமும் இருக்கின்றன. ஈரோட்டு மஞ்சள், சேலத்து மாம்பழம் என்று இன்று நாம் சொல்வதுபோலத்தான் அன்று சரக்கைத் தரம் பிரித்திருக்கிறார்கள்.

இதை எழுதிவைத்த அடியார்க்கு நல்லார் கடற்கரைக்காரர் அல்லர். அவருடைய ஊரான நிரம்பை, பெருந்துறைப் பக்கம் விசயமங்கலத்தை ஒட்டி இருந்ததாகச் சொல்வார்கள். பெருமாநல்லூரிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் வருகிற அதே விசயமங்கலம்தான். கொங்கு மண்டல சதகமும் அவரைத் தன் மண்ணின் மைந்தராகப் பாடுகிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பட்டினப்பாலை சொல்லும் அகில் கடல் தாண்டி வந்தது இல்லை. மேற்கு மலையிலிருந்து காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்தது. ஊத் மரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளர்வதில்லை. எனவே அது வேப்பங் குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளை அகிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சங்கப் பெண்கள் கூந்தலுக்கு ஊட்டிய புகையெல்லாம் ஊத் என்று பெருமை பேசுவது சரியாகாது. ஒரே பெயரில் இரண்டு மரங்கள்!

அகில் என்ற சொல் போர்ச்சுகீசியர் வாயில் ‘அகிலா’ ஆனது. அது கழுகைக் குறிக்கும் லத்தீன் சொல்லைப்போல ஒலித்ததால் ஆங்கிலத்தில் ‘ஈகிள்வுட்’ ஆகிவிட்டது. தாவரவியலில் இந்த இனத்தின் பெயரும் ‘அக்விலாரியா’. வெட்டித் தீர்த்ததால் 1995இல் இதன் ஒரு வகையும், 2004இல் எடுத்த முடிவின்படி எல்லா வகைகளும் சைட்டிஸ் எனும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.